அரைச்சுற்று திரும்பிய நகம்

அவள் பாத்திரம் கழுவப் போனால், தொட்டி நிரம்பி வழிந்து சமையலறைத் தரை நனைந்த பிறகுதான் குழாய் மூடப்படும். சோம்பேறி என்று சொல்ல முடியாது, கை வேலையில்தான் இருக்கும். கண் மட்டும் குழாயின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது குழாயின் கைப்பிடி மெல்லக் கழன்று ஒரு சாண் மேலே எழும்பும். அதற்குக் கீழே திருகு, அதற்குக் கீழே மரைத்தண்டு, அதற்கும் கீழே தேய்ந்துபோன ரப்பர் வளையம் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டில் வரிசை கட்டி, அவசரமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் அதுபாட்டுக்கு வழியும்.

"குழாய் இருக்கா, பறந்துடுச்சா?" என்று கூடத்திலிருந்து கணவர் கேட்பார்.

"இருக்கு, இருக்கு."

"அப்ப மூடு. மிச்சத்தை நாளைக்குப் பறக்க விடலாம்."

அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷருக்கு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காணும் மனைவி வாய்த்தது யார் செய்த கேலி என்று தெரியவில்லை. இருபது வருஷமாக அந்தக் கேலியோடு அவர் சந்தோஷமாகத்தான் குடும்பம் நடத்தினார். தரையைத் துடைக்கும் துணியை மட்டும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்தார்.

அவளுடைய பிழைப்பே அப்படிப்பட்டது. ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கித் தொழிற்சாலையில், வரைபடக் கூடம் என்று ஒரு நீளமான அறை. வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒன்பது சாய்வு மேசைகள். எட்டு மேசைகளில் அளவுப் படங்கள் வரைவார்கள், அதாவது இயந்திரக்காரர்கள் பார்த்து வெட்டுவதற்கான படங்கள். ஒன்பதாவது மேசை அவளுடையது. சிப்பாய்களுக்குக் கொடுக்கும் கைப்புத்தகத்துக்கான படங்களை அவள் வரைந்தாள். துப்பாக்கியைக் கழற்றினால் என்னென்ன வரும், எது எதற்குள் போகும் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் ஒரே பார்வையில் புரிய வேண்டும். அதற்காக எல்லாப் பாகங்களையும் அதனதன் வரிசை கலையாமல் காற்றில் பிரித்து நிறுத்திக் காட்டுவாள். கூடத்தில் அவளுக்கு மிதவை என்று பட்டப்பெயர். படத்துக்காக வைத்த பெயரா, ஆளுக்காக வைத்த பெயரா என்று அவளும் கேட்டதில்லை.

அந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. முழுத் துப்பாக்கி உள்ளே வரக்கூடாது. வரைவதற்கு வேண்டிய பாகங்கள், பச்சைக் கம்பளித் துணி விரித்த தட்டில், ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வரும். சாயங்காலம் திரும்பிப் போய்விடும். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவள் ஒரு துப்பாக்கியைக்கூட முழுசாகக் கையில் எடுத்ததில்லை. வாசல் காவலாளியின் தோளில் தொங்கியதைப் பார்த்ததுண்டு. அது பழைய மாடல், வெடிக்கும் என்று காவலாளியே நம்பவில்லை. அவளைப் பொறுத்தவரை துப்பாக்கி என்பது ஒன்றையொன்று தொடாமல் மிதக்கிற நூற்று நாற்பத்தேழு துண்டுகள்.

காலையில் சில நாள் கணவரின் பேருந்திலேயே வேலைக்குப் போவாள். அவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, ஜன்னல் ஓரம். அங்கே உட்கார்ந்து துப்பாக்கியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனி சுகம். விசையை இழுத்தால் உள்ளே சுத்தியல் எழும்பி ஊசியைத் தட்டும். ஊசி தோட்டாவின் பிட்டத்தில் குத்தும். மருந்து எரிந்து குண்டு குழல் வழியே ஓடும். குழலின் மேல்புறம் ஊசித் துளை அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் புகைக்காற்றில் கொஞ்சம் அந்த வழியாகத் திருட்டுத்தனமாக மேலே ஏறி, ஒரு தண்டைப் பிடித்துப் பின்னால் தள்ளும். இதற்குள் முதல் நிறுத்தம் வந்துவிடும்.

தண்டு தள்ளுவது கேரியரை. குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டுகிற போல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுகிற எஃகுக் கட்டிக்கு அந்தப் பெயர். அதில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளத்துக்குள் போல்ட்டின் குறுக்குப் பின், அதாவது குறுக்கே செருகிய ஒரு எஃகு முளை. கேரியர் நேராகத்தான் பின்னால் ஓடும், ஆனால் சாய்ந்த பள்ளத்தில் சிக்கிய அந்த முளை சும்மா இருக்க முடியாமல் போல்ட்டைத் திருப்பும். திரும்பினால் பூட்டு விடும். பூட்டு விட்டதும் போல்ட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நகம், காலியான பித்தளைக் கூட்டின் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்கும், துப்பாக்கியின் வலப்பக்கத்து ஜன்னல் வழியாக எறியும். இது இரண்டாவது நிறுத்தம். பிறகு பின்னால் நசுங்கிக் கிடந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் விரட்டும். புதுத் தோட்டா ஏறும், போல்ட் திரும்பும், பூட்டும். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்திருக்கும். ஒரு நொடிக்குள் பன்னிரண்டு முறை நடக்கக்கூடிய காரியத்தை அவள் மூன்று நிறுத்தத்துக்கு இழுப்பாள். வெளியே போன குண்டு என்ன ஆனது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. குழலின் வாயோடு அவளுடைய தாள் முடிந்துவிடும். அதைக் கல்நெஞ்சம் என்று சொன்னால் அவளுக்கு அழுகை வந்துவிடும், ஆகவே நான் சொல்லவில்லை.

புது மாடலுக்கான கைப்புத்தகம் அவள் கைக்கு வந்தபோது, அதுவரை வரைந்ததெல்லாம் பயிற்சிதான் என்று அவளுக்குத் தோன்றியது. நாலு மாதம் அந்த ஒரு படத்தோடு வாழ்ந்தாள். அகலமான தாள், மடித்தால்தான் புத்தகத்துக்குள் அடங்கும். துப்பாக்கியின் முகம் இடது பக்கம் பார்க்க, குழலும் தண்டும் ஸ்பிரிங்கும் சரிவாக வரிசையில் எழும்பி நிற்கும். நடுவில் போல்ட். போல்ட்டில் அந்த நகம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, உள்பக்கம் வளைந்தது, அதன் முதுகில் ஒரு குட்டி ஸ்பிரிங். அதன் வளைவை வரையும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

தொல்லை என்னவென்றால் நகம் இருப்பது வலப்பக்கம், அவள் வரைந்தது இடப்பக்கத்திலிருந்து. அப்படியே வரைந்தால் நகம் தெரியாது, வழுக்கையான முதுகுதான் தெரியும். இதற்கு இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மறைந்திருக்கும் பக்கம் முக்கியமானால், அந்தப் பாகத்தை மட்டும் அரைச்சுற்று திருப்பி வரையலாம். பக்கத்தில் வளைந்த அம்பு ஒன்று போட்டுவிட வேண்டும். 'பார்ப்பதற்காகத் திருப்பியிருக்கிறது, மாட்டும்போது மறுபடி திருப்பிக்கொள்' என்று அதற்கு அர்த்தம்.

அவள் போல்ட்டைத் திருப்பினாள். அம்பும் போட்டாள். அது குறுக்குப் பின்னுக்கும் கேரியருக்கும் நடுவில், படத்திலேயே சுத்தமாக இருந்த வெற்றிடத்தில், கொக்கி மாதிரி வந்து விழுந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்தாள். இடம் மாற்றிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அது நூற்று நாற்பத்தெட்டாவது பாகமாகவே தெரிந்தது. மூன்றாவது நாள் அழித்துவிட்டாள். நகம் வலப்பக்கம் என்பது யாருக்குத்தான் தெரியாது?

தலைமை வரைவாளர் வந்து பார்த்தார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் அவர் அழிப்பான் வைத்திருப்பார், அதனால் ரப்பர் ஐயா. கோணல் கோட்டைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற ஆள். அன்றைக்கு அழிப்பானை வெளியே எடுக்கவே இல்லை.

"இதுல நான் அழிக்க என்னம்மா இருக்கு?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

புத்தகம் அச்சானது. இராணுவத்தில் அதற்கு ஒரு சோதனை வைப்பார்கள். ஒன்பது சிப்பாய்களிடம் புதுத் துப்பாக்கியையும் புத்தகத்தையும் கொடுத்து, சொல்லித்தர ஆள் யாரும் இல்லாமல், 'புத்தகத்தைப் பார்த்து நீங்களே கழற்றி, துடைத்து, மாட்டி, சுடுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். தேர்வு சிப்பாய்க்கு இல்லை, புத்தகத்துக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தச் சோதனையின் அறிக்கை வரைபடக் கூடத்துக்கு வந்தது. 'புத்தகம் சரியாக உள்ளது. திருத்தம் தேவையில்லை' என்று மேலேயே எழுதியிருந்தது. கோப்பில் சேர்க்கும் வேலை அவளுடையது. துளையிடும்போது ஒரு புகைப்படம் நழுவி மேசையில் விழுந்தது.

அடைத்துக்கொண்ட துப்பாக்கியைப் பிறகு திறந்து, கேரியரைப் போல்ட்டோடு வெளியே எடுத்து வைத்த படம். ஒரு சிப்பாயின் துப்பாக்கி முதல் குண்டு வெடித்ததும் நின்றுவிட்டிருக்கிறது. காலிக்கூடு ஜன்னல் வழியாகப் போகாமல் உள்ளேயே குறுக்கே விழுந்து, அடுத்த தோட்டா அதில் மோதி நசுங்கி, கேரியர் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அவர் ஜன்னலுக்குள் விரலை விட்டுக் கூட்டைப் பிடுங்கியிருக்கிறார். கூடு வந்தது. தடை நீங்கிய ஸ்பிரிங் முழு வேகத்தில் கேரியரை முன்னால் விரட்டியது. வலது கை ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது. மற்ற எட்டுப் பேரும் அதே புத்தகத்தை வைத்துச் சரியாக மாட்டியிருக்கிறார்கள், ஆகவே இது சிப்பாயின் சொந்தக் கவனக்குறைவு, படையிலிருந்து விலக்கி வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவு. வெள்ளிக்கிழமை, சோதனைக்குப் பொறுப்பான மேஜர் கையெழுத்திடுவார்.

இவ்வளவையும் அவள் பிறகுதான் படித்தாள். முதலில் பார்த்தது நகத்தை. போல்ட்டின் இடப்பக்கம் இருந்தது. அவள் வரைந்த இடத்திலேயே, அவள் வரைந்த கோணத்திலேயே இருந்தது. நாலு மாதமாகக் காற்றில் மிதந்துகொண்டிருந்த அத்தனை துண்டுகளும் சத்தமில்லாமல் நகர்ந்து வந்து, ஒன்றோடொன்று பொருந்தி, அந்தப் புகைப்படமாக மூடிக்கொண்டன.  நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

ரப்பர் ஐயாவின் மேசைக்குப் போனபோது அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தப் போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தேன். புத்தகம் சரின்னு எழுதியிருக்காங்களே, ஃபைல்ல போடு."

"நகம் இடது பக்கம் இருக்கு."

"தப்பா மாட்டியிருக்காரு. கூடு ஜன்னல் இல்லாத பக்கம் இடிச்சிருக்கும், அதான் அடைச்சிருக்கு."

"நம்ம படத்துலயும் இடது பக்கம்தான் இருக்கு."

"திருப்பி வரைஞ்சா அப்படித்தான் இருக்கும்."

"அம்பு இல்லையே ஐயா."

அவர் சீவுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு கைப்புத்தகத்தை எடுத்து, மடித்த தாளை விரித்து, அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"உக்காரும்மா" என்றார். அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. "எட்டுப் பேர் சரியா மாட்டியிருக்காங்க இல்லையா?"

"எப்படி மாட்டினாங்கன்னு எழுதலையே ஐயா. கழட்டும்போது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சு மாட்டியிருப்பாங்க. புத்தகத்தைத் திறந்தே பாத்திருக்க மாட்டாங்க. இவரு ஒருத்தருதான் சொன்னபடி கேட்டிருக்காரு."

"அது உன் ஊகம்."

"ஆமாங்க."

"நான் ரிட்டயராக இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. முப்பத்தி நாலு வருஷத்துல என் கையெழுத்துக்கு மேல ஒரு திருத்தத் தாள் வந்ததில்ல." அவர் புத்தகத்தை மூடினார். "உன் கைன்னுதான் நான் சரிபாக்காம கையெழுத்துப் போட்டேன். ரெண்டாம் பதிப்புல காதும் காதும் வெச்ச மாதிரி ஒரு அம்பைப் போட்டுடலாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவருக்கும் எனக்கும் நல்லதுதான், அந்த விரலுக்கு? இந்தக் கேள்வி அவள் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவளும் எங்கே பெரிய தைரியசாலி, தட்டில் பாகம் கொண்டுவருகிறவர் அதட்டினால்கூட நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தன் மேசைக்குத் திரும்பி வந்து, கோப்பில் புகைப்படத்தைச் சேர்த்து, நாடாவைக் கட்டினாள்.

அன்றைக்கும் மறுநாளும் எதுவும் மிதக்கவில்லை. குழாய் குழாயாகவே இருந்தது. பாத்திரம் கழுவி, தண்ணீரைச் சொட்டவிடாமல் மூடிவிட்டு வந்தாள். கணவர் துடைக்கும் துணியோடு சமையலறை வாசலில் வந்து நின்று, காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு உனக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றாள். அவர் நம்பவில்லை. நம்பாத விஷயத்தைத் துருவிக் கேட்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் பேருந்துப் பணிமனைக்குப் போனாள். அவர் வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தும் நேரம். காலி வண்டியில் ஏறி, மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். நகம், ஜன்னல், அம்பு, ஸ்பிரிங், விரல். பாதியில் அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டு மீதியைச் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, திரும்பாமல், கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு யாரு?"

"தெரியாது. பேர் போடல, நம்பர்தான் போட்டிருக்கு."

"எந்த விரல்னு சொன்னே?"

"வலது ஆள்காட்டி."

அவர் தன்னுடைய வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை ஸ்டியரிங்கிலிருந்து தூக்கி, மற்ற விரல்களால் மட்டும் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு என் வண்டியில வராத" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏங்க?"

"இது அந்தப் பக்கம் போகாது. பன்னெண்டாம் நம்பர்ல ஏறு. மேஜர் ஆபீஸ் வாசல்லயே நிக்கும். எட்டே காலுக்கு மேல கூட்டம், அதுக்கு முன்னாடி ஏறிடு."

சொல்லலாமா, கூடாதா என்று அவள் இரண்டு நாளாக உருட்டிக்கொண்டிருந்தது அவருடைய கணக்கிலேயே வரவில்லை. எந்த வண்டி என்பது ஒன்றுதான் அவருக்குக் கேள்வி. அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மேஜரின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜர், குறிப்பு எடுக்கும் எழுத்தர், அந்தத் துப்பாக்கியை வடிவமைத்த தலைமைப் பொறியாளர். சுவரோரம் ஒரு மேசையில் அந்தத் துப்பாக்கியே கிடந்தது. எண்ணெய் வாசனை அடித்தது. அவள் அதை அடையாளம் கண்டுகொள்ளச் சில நொடிகள் ஆயின. எல்லாம் உள்ளே மூடிக்கொண்டு, கறுப்பாக, கட்டையாக, அவளுக்குத் தெரிந்த எதுவுமே வெளியே தெரியாமல் கிடந்தது.

"வரைபடக் கூடத்துலேர்ந்தா? உங்களை யாரும் கூப்பிடலையே" என்றார் மேஜர்.

"நானாத்தான் வந்தேங்க. அந்தச் சிப்பாய் மேல தப்பில்ல."

பொறியாளர் நிமிர்ந்தார். அவள் கைப்புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். 

"சார், இந்தப் போல்ட்ல நகம் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"படத்துல?"

"இது திருப்பி வரைஞ்சிருக்கும்மா. பாத்தாலே தெரியுதே."

"யாருக்குத் தெரியுது சார்?"

"எல்லாருக்கும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "நமக்குத் தெரியும்."

"உங்களுக்குத் துப்பாக்கி தெரியும். அதனால படத்தை நீங்க திருத்திப் படிச்சுக்கறீங்க. அது தெரியாதவருக்குத்தானே நான் வரைஞ்சேன். திருப்பி வரைஞ்சா பக்கத்துல வளைஞ்ச அம்பு போடறது வழக்கம், இதுல அம்பு இல்ல."

மேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பா இருந்தா மாட்டவே முடியாதே. பின் உள்ள போகாது இல்லையா?"

பொறியாளர் எழுந்து போய்த் துப்பாக்கியைக் கழற்றி, கேரியரையும் போல்ட்டையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். "நீங்களே மாட்டுங்க. உங்க படத்துல இருக்கிறபடி."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் இரண்டு பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்தாள். படத்தைப் பார்த்தாள், போல்ட்டை அதே கோணத்தில் பிடித்தாள், நகம் அவள் பக்கம் பார்க்க உள்ளே நுழைத்தாள். குறுக்குப் பின்னைத் துளையில் வைத்து விரலால் அழுத்தினாள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கேரியரைத் துப்பாக்கிக்குள் தள்ளினார்கள். மூடி மூடியது, பூட்டு விழுந்தது. அந்தக் 'களுக்' சத்தத்தை அவள் அதுவரை கேட்டதேயில்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் அவ்வளவு நிம்மதியான சத்தம். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"துளை ரெண்டு பக்கமும் ஒரே அளவு" என்றார் பொறியாளர், யாரிடமும் இல்லாமல். "ஒரு பக்கம் கொஞ்சம் குறுக்கியிருந்தா பின் திரும்பிப் போயிருக்காது. அதை நான் பாத்திருக்கணும்."

"அம்பு போடறது வழக்கம்னு சொன்னீங்களே. ஏன் போடல?" என்று மேஜர் அவளைக் கேட்டார்.

"விட்டுப்போச்சுங்க" என்றாள்.

அவ்வளவு தைரியமாக வந்தவள் அந்த ஒரு இடத்தில் மட்டும் பூசி மெழுகினாள். எழுத்தர் 'விடுபட்டது' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தவை சீக்கிரம் நடந்தன. சிப்பாய்மேல் எழுதிய குற்றம் நீக்கப்பட்டது. அவரைப் படையிலேயே கிடங்குப் பொறுப்பில் வைத்துக்கொண்டார்கள். புதுப் போல்ட்டுகளில் துளையின் ஒரு வாயைக் குறுக்கினார்கள், இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் பின் ஒரு பக்கமாகத்தான் போகும். ரப்பர் ஐயாவின் பெயரில் முதல் திருத்தத் தாள் வந்தது. அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, பேசவும் இல்லை. வழியில் எதிரே வந்தால் கையில் இருக்கும் தாளைப் படிப்பதுபோல் போய்விடுவார். அவளைக் கைப்புத்தகத்திலிருந்து எடுத்து, பாகங்களின் எண்களைச் சரிபார்க்கும் வேலையில் போட்டார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு முதுகு காட்டிய மேசை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் முதல் நாள் அங்கே உட்கார்ந்தவள் இரண்டு தடவை திரும்பித் தன் பழைய மேசையைப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் வாசல் காவலாளி ஆள் அனுப்பினார். பார்வையாளர் அறையில் யாரோ அவளைப் பார்க்க வந்திருக்கிறாராம்.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மனிதர் எழுந்து நின்றார். அகலமான தோள், வெயிலில் கறுத்த முகம். இடது கையில் தொப்பி. வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதானாக்கா அந்தப் படம் போட்டவங்க?"

"ஆமா." மூன்று வாரமாக அவள் மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த மன்னிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க" என்பது மட்டும்தான் வந்தது.

"அதுக்கு வரலக்கா. கிடங்குக்குச் சாமான் வாங்க வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு கேட்டேன்." அவர் தொப்பியை உருட்டினார். "புத்தகத்துல இருந்த மாதிரிதான் மாட்டினேன்னு எத்தனையோ தடவை சொன்னேன். யாரும் நம்பல. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. ஆமா, நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு என் வீட்டுக்காரிகிட்டயே சொல்லிட்டேன். என் பிள்ளைங்க கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க வந்து சொன்னப்புறம்தான் நான் பொய் சொல்லலன்னு எனக்கே தெரிஞ்சுது."

அவள் தலை குனிந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவத்துல கேக்கல. அம்பு விட்டுப்போச்சுன்னு எனக்குக் குடுத்த பேப்பர்ல எழுதியிருந்துது. இவ்வளவு நுணுக்கமா வரையறவங்களுக்கு அது எப்படிக்கா விட்டுப்போவும்?"

விட்டுப்போச்சு என்று மறுபடி சொல்லியிருக்கலாம். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, யாரும் தோண்டப்போவதில்லை. அவள் அவருடைய பையைப் பார்த்தாள், உள்ளே கை இருந்த இடத்தில் துணி புடைத்துக்கொண்டிருந்தது.

"விட்டுப்போகல" என்றாள். "போட்டிருந்தேன். படம் ரொம்ப அழகா வந்திருந்துச்சு. அம்பு அதைக் கெடுத்துச்சு. அதனால அழிச்சிட்டேன்."

 வெளியே ஒரு வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். ஆள்காட்டி விரல் நடுவிரலின் பாதியில் நின்றுவிட்டது, நுனி வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் அதைக் காட்டுவதற்காக எடுக்கவில்லை, நெற்றியைத் துடைக்கத்தான் எடுத்தார்.

"அழகாத்தான் இருந்துச்சுக்கா" என்றார். "மத்தவங்கல்லாம் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வேலையைப் பாத்தாங்க. எனக்கு அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனசே வரல. அதைப் பாத்துக்கிட்டேதான் மாட்டினேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்போல் லேசாகச் சிரித்தார். பிறகு தொப்பியை இடது கையால் மாட்டிக்கொண்டு, போய்ட்டு வரேன்க்கா என்று சொல்லிவிட்டு, சாமான் வண்டி நின்ற பக்கம் நடந்தார். அவள் பார்வையாளர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்து, காவலாளி பார்க்கிறாரே என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள்.